வகுப்பறைக்குள் வருவது முழுப் பிள்ளை: ஆசிரியையாகப் போகிற ஒருத்தியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் போய் வந்தேன். திரும்பி வந்ததும், “பிள்ளையின் முழுமையான வளர்ச்சிக்கு நீ என்ன செய்வாய், உன் கல்விக் கொள்கை என்ன” என்று எழுதச் சொல்லி ஓர் ஒப்படைவு கொடுத்தார்கள். எழுதியதைத் தோழிகள் படித்தார்கள், முதலாமாண்டுப் பிள்ளைகள் படித்தார்கள், சித்தியும் படித்தார். ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சிலவற்றுக்கு அங்கேயே பதில் சொன்னேன், சிலவற்றுக்கு யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

“முழுமையான வளர்ச்சி” என்று எல்லாரும் சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

பாடப் புத்தகத்தில் ஐந்து தலைப்பு இருக்கும்: உடல், அறிவு, மொழி, மனவெழுச்சி, சமூகம். தேர்வில் அப்படியே எழுதினால் மதிப்பெண் விழும். சிக்கல் என்னவென்றால், படிக்கப் படிக்க அவை ஐந்து டப்பாக்கள் போல மனதில் உட்கார்ந்துவிடுகின்றன.

வகுப்பில் நின்று பார்த்தால் அந்த டப்பாக்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். காலையில் சாப்பிடாமல் வந்த பையனுக்கு வாய்ப்பாடு வாயில் வராது. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். சிரித்தவனை இவன் இடைவேளையில் தள்ளிவிடுவான். அவன் அழுதுகொண்டு நம்மிடம் வருவான். நமக்குத் தெரிவது அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான், அதனால் இவனுக்கு “முரட்டுப் பையன்” என்று பெயர் வைத்துவிடுவோம். இதில் எது உடல், எது அறிவு, எது சமூகம் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. குழந்தையின் எல்லாப் பக்க வளர்ச்சி, உடல் மன ஆற்றல்கள் முழு அளவுக்கு வளர்வது, செய்து பார்த்தும் தேடியும் கற்பது, பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்ல முடிவது, இத்தனையும் அதில் வருகின்றன. ஆக, இது நல்ல மனசுள்ள டீச்சர் கூடுதலாகச் செய்யும் உபகாரம் இல்லை. வேலையே இதுதான்.

“இதெல்லாம் பெரிய பெரிய ஸ்கூல் சமாச்சாரம்டி. அரசுப் பள்ளிக்கூடத்தில் நடக்குமா?”

சித்தி கேட்டது. அவருக்கு நான் சொன்ன பதில்: இந்த ஊரில் இதை ஆரம்பித்ததே அரசுப் பள்ளிகள்தான், சித்தி.

1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. வயிறு காய்ந்தால் படிப்பு ஏறாது என்று இங்கே நூறு வருஷமாகத் தெரியும். அதற்குக் கொள்கை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சிப் பள்ளி இருந்த பகுதியில் மல்லிகைத் தோட்டங்கள் அதிகம். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே வீட்டோடு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் சிலரும் கூடப் போவார்கள். அங்கிருந்து நேரே பள்ளிக்கு வருகிறவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும் வேகத்தைப் பார்த்தால், முதல் பாடவேளை எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிச்சடியும் சாம்பாரும் வயிற்றுக்குள் போன பிறகு அதே முகங்கள் வேறு மாதிரி இருக்கும். நான் தயாரித்த எந்தத் துணைக்கருவியும் அந்த வித்தியாசத்தைக் கொண்டு வந்ததில்லை.

பாடத்தை முடிப்பதா, பிள்ளையின் வளர்ச்சியைப் பார்ப்பதா? இரண்டுக்கும் நேரம் ஏது?

தோழிகள் எல்லாரும் கேட்டது இது. இரண்டும் வேறு வேறு வேலை என்று எடுத்துக்கொண்டால் நேரம் போதாதுதான். பாடம் நடத்தும்போதே பிள்ளையைப் பார்க்க முடியும் என்பது என் எண்ணம். ஒரே ஒரு கழித்தல் கணக்கைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதினாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, சரி. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. கடன் வாங்கிக் கழித்தல் புரியாத பிள்ளைகள் பாதிப் பேர் செய்யும் தவறு இது. கரும்பலகையில் மூன்று முறை செய்து காட்டினேன். நான்காவது முறையும் 35 தான்.

அவள் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவர். சாயங்காலம் இவளும் கூடையோடு உட்காருவாள். அதனால் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, “உன்கிட்ட ஐம்பது ரூபாய்த் தாள் ஒண்ணு, ரெண்டு ரூபாய்க் காசு ஒண்ணு இருக்கு. இருபத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்ட. மீதி எவ்வளவு?” என்றேன். மேலே பார்த்தாள். “இருபத்தேழுக்கு மூணு போட்டா முப்பது. அப்புறம் இருபது. அந்த ரெண்டு ரூபா தனியா இருக்குல்ல. இருபத்தஞ்சு டீச்சர்.” ஐந்து நொடி கூட ஆகவில்லை.

அப்புறம் அவள் சொன்ன வழியையே பலகையில் எழுதினேன். 27-இலிருந்து 30 வரை ஒரு தாவல், 30-இலிருந்து 50 வரை ஒன்று, கடைசியில் 2. தன் தலைக்குள் இருந்ததைச் சுண்ணக்கட்டியில் பார்த்ததும், “இது கணக்கா?” என்று கேட்டாள். அவளையே எழுந்து மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். அதுவரை என்னிடம் கூடச் சத்தமாகப் பேசாத பிள்ளை, பத்துப் பேருக்கு நடுவில் நின்று சில்லறை கொடுக்கும் வித்தையை விளக்கினாள். கடன் வாங்கிக் கழித்தலை இரண்டு நாள் கழித்துப் புளியங்கொட்டைக் கட்டுகளை வைத்துச் சொல்லிக் கொடுத்தபோது சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

இதில் அறிவு வளர்ச்சி எங்கே முடிந்தது, மனவெழுச்சி எங்கே தொடங்கியது? பாடவேளை அதே நாற்பது நிமிடம்தான். பாடமும் முடிந்தது.

பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளை வைத்து இதையே ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கடையில் வாடிக்கையாளர் போலக் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். நிலக்கோட்டைக்கும் ரெசிஃபிக்கும் கடல் கடந்த தூரம் இருக்கிறது. பிள்ளைகள் என்னவோ ஒரே மாதிரிதான்.

பிள்ளைகளைக் “கவனியுங்கள், கவனியுங்கள்” என்கிறீர்கள். எதைக் கவனிப்பது?

என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன் கடைசி வரிசையில் உட்காருவான். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் வரும். நோட்டைத் திறந்தால் பிழை மேல் பிழை. ஒருநாள் “பள்ளிக்கூடம்” என்று பலகையில் எழுதிப் போட்டேன். அவன் நோட்டில் “பல்லிக்கூடம்” என்று இருந்தது. பக்கத்துப் பையனின் நோட்டிலும் பல்லிக்கூடம். காப்பியடிக்கிறான் என்று முடிவு கட்டி, சிவப்பு மையில் “பார்த்து எழுதாதே” என்று எழுதினேன். இப்படி இரண்டு வாரம் போனது. ஒவ்வொரு நாளும் சிவப்பு மை.

ஒரு மதியம் பின்னால் போய் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக இவன் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கினான், பாதி எழுந்தான், திரும்ப உட்கார்ந்து பக்கத்து நோட்டைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. அவனுக்குப் பலகையே தெரியவில்லை. எழுத வேண்டும் என்ற ஆசையில், தெரிகிற ஒரே இடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். நான் அதற்குத்தான் இரண்டு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். பள்ளிக்கு வந்து பரிசோதிக்கும் மருத்துவக் குழுவிடம் அவர் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்ட மறுநாள் ஓடி வந்து, “டீச்சர், வெள்ளிக்கிழமை என்ன சாப்பாடுன்னு செவுத்துலயே போட்டிருக்கு” என்றான். சத்துணவுக்கூடச் சுவரில் கிழமை வாரியாகப் பட்டியல் எழுதியிருக்கும். மூன்று வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவன் தட்டு கழுவப் போகிறான்.

அதற்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். பட்டம் எதுவும் எழுதுவதில்லை. “சோம்பேறி”, “சுட்டி”, “கவனமில்லை” இதெல்லாம் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவேன்: பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறாள். திங்கட்கிழமை யாரோடும் பேசவில்லை. கதை சொன்னால் முன்னால் வந்து உட்காருகிறான். இடது காதுப் பக்கம் கூப்பிட்டால் திரும்பவில்லை. நாளுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் டெட் தேர்வுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 மதிப்பெண்ணுக்கு 30, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். பிள்ளைகள் எப்படி வளர்ந்து கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் இந்த இருவரும். அந்த முப்பதுக்காக அவர்கள் சொன்ன வளர்ச்சி நிலைகளை மனப்பாடம் செய்கிறோம், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன்.

பள்ளிக்குப் போன பிறகு பியாஜேயைத் திருப்பிப் படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. கைக்குழந்தைகளைப் பற்றிய அவருடைய குறிப்புகளில் பெரும்பகுதி சொந்தப் பிள்ளைகள் மூவரை உட்கார்ந்து பார்த்து எழுதியவை. பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை தேடுகிறதா இல்லையா, அவ்வளவுதான் சோதனை. நாற்பது பக்க நோட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாட்ஸ்கியும் அவர் பிறந்த அதே 1896-இல்தான் பிறந்தார், 37 வயதில் காசநோயில் இறந்துபோனார். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், ஒருவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, கற்பித்தல் நடக்க வேண்டிய இடம் அதுதான் என்றார். சைக்கிள் பழக்கியவர்களுக்கு இது தெரியும். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினாலும் பிள்ளை ஓட்டப் பழகாது, பிடிக்காமலே விட்டாலும் விழுந்து எழுந்து வெறுத்துவிடும். எப்போது கையை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில்லறைக் கணக்குச் சிறுமிக்கு நான் சீட்டைத் தவறான இடத்தில் பிடித்திருந்தேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு “கற்றல் பாணி” உண்டாமே? பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துவிடலாமா?

வேண்டாம். பயிற்சி வகுப்புகளில் இன்னும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, பாணிக்கு ஏற்றபடி பிரித்துச் சொல்லிக் கொடுப்பதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கவும் கேட்கவும் தொடவும் கிடைக்கட்டும். “இவன் கேட்டுக் கற்பவன்” என்று ஒரு சீட்டை நெற்றியில் ஒட்டிவிட்டால், அவனுக்குப் பலகை தெரிகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடிக்காமல் வகுப்பை நடத்த முடியுமா?

அடிப்பதும் மனதை நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. அதனால் “முடியுமா” என்று கேட்க இடமே இல்லை. எப்படி என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பெற்றோரே வந்து, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று சொல்லும் ஊர் நம்முடையது. பிரியத்தில்தான் சொல்கிறார்கள். “நீங்க நம்பி விட்டதே போதும்ணா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நான் கையை ஓங்கவில்லை. ஆனால் ஒருநாள் கத்திவிட்டேன். மழை, மின்சாரம் இல்லை, இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். தொண்டை கிழியக் கத்தியதும் அறை அமைதியானது. அந்த அமைதியில் முன்வரிசைக் குழந்தை ஒன்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தது. வீட்டில் பழகிய அசைவு அது என்று பார்த்ததும் தெரிந்தது. மறுநாள் எல்லாரிடமும், “நேத்து டீச்சர் கத்தினது தப்பு” என்று சொன்னேன். “பரவால்ல டீச்சர்” என்று கோரஸாகப் பதில் வந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

எனக்கு வேலை செய்த வழிகள் ரொம்பச் சாதாரணமானவை. சத்தம் கூடினால் நான் குரலைக் குறைப்பேன், கேட்பதற்காக அவர்களே அடங்குவார்கள். சாக்பீஸ், நோட்டுக் கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாள் உண்டு, வாரம் ஒருமுறை மாறும். சண்டை வந்தால் “யார் ஆரம்பித்தது” என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் உண்மையான பதிலைக் கண்டுபிடித்ததில்லை.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. இதில் எப்படி?

கஷ்டம்தான், பூசி மெழுக ஒன்றுமில்லை. சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். முப்பதுக்கு ஒருவர் என்று கேட்க நன்றாக இருக்கும். அந்த முப்பதில் மூன்று வகுப்பு கலந்திருக்கும் என்பது கணக்கில் தெரியாது.

ஆனாலும் கலந்து உட்காருவதில் ஒரு லாபம் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அதில் இரண்டு வருஷம் போல எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலில் இருந்தார். அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடியும் பூச்சியும் காடும் பார்க்க வைத்து வேலை செய்தார். வயது கலந்த வகுப்பை அவர் ஒரு முறையாகவே வைத்திருந்தார். நமக்கு அது ஆள் பற்றாக்குறையால் வந்து சேர்ந்திருக்கிறது. வந்ததை ஏன் விட வேண்டும்?

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலும் இப்படித்தான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. பாட அட்டைகள், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படிப் படம், தரையில் வட்டமாக உட்காருவது, பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்தத் தாழ்ந்த பலகைதான். நாங்கள் படித்தபோது போட்ட பலகைகள் சில பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. முன்னால் பீரோவை வைத்து மறைத்துவிடாதீர்கள்.

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நோண்டி நோண்டிக் கேட்டாலும் கூடாது.

பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் நிற்கிற பிள்ளை, கோட்டை மிதித்தேனா இல்லையா என்று வாதாடுகிறது, தோற்கிறது, மறுபடி வரிசையில் நிற்கிறது. பல்லாங்குழியில் பதினாலு குழியையும் மனதுக்குள் எண்ணி, எங்கே தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே பார்க்கிறது. முஷ்டியால் பென்சில் பிடித்த பிள்ளைக்கு நான் கொடுத்த வைத்தியமும் சோழியும் களிமண்ணும்தான். விரல் நுனிக்குப் பலம் வந்தால் எழுத்து தானாகக் கோட்டுக்குள் வரும். கையைப் பிடித்து ஆயிரம் முறை “அ” எழுத வைப்பதை விட இது சீக்கிரம் நடக்கும்.

பிள்ளைகள் பேச்சுத் தமிழில் எழுதினால் திருத்த வேண்டாமா?

திருத்த வேண்டும். முதல் நாளே அல்ல. “எங்கப்பத்தா வாழப்பழம் குடுத்துச்சு” என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் ஆள் இருக்கிறார், பொருள் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. முதலில் அப்பத்தாவைப் பற்றிக் கேட்பேன். அப்புறம், “இதையே புத்தகத்துல எப்படி எழுதுவாங்க, பார்ப்போமா?” என்று பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். இரண்டும் தமிழ்தான், இடத்துக்கு ஒன்று.

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களும் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு வரும் அந்தப் பிள்ளைகள் முதல் மாதம் வாய் திறக்காவிட்டால் மந்தம் என்று எழுதிவிடக் கூடாது. தண்ணீருக்கு, அம்மாவுக்கு, வலிக்கிறது என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல்லை நான் கற்றுக்கொண்டேன். நான் தப்பாக உச்சரித்ததைக் கேட்டுச் சிரித்ததுதான் ஒரு குழந்தை அந்த வகுப்பில் எழுப்பிய முதல் சத்தம்.

மெல்லக் கற்கும் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்?

சந்தேகம் வந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். நாமே நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஓய்வறையில் உட்கார்ந்து “மக்கு” என்று சொல்வதையும் விட வேண்டும், சுவருக்குக் காது உண்டு. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் எது மேலே எது கீழே என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். “நீ அரும்புதானே” என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டியதை என் காதால் கேட்டேன். ஒரு பாடத்தில் அரும்பாக இருப்பவள் இன்னொன்றில் மலராக இருக்கலாம், அடுத்த மாதம் மாறலாம் என்று அவர்களுக்குப் புரியும்படி குழுக்களைக் கலைத்துக் கலைத்துப் போட வேண்டியிருக்கிறது.

பெற்றோர் ஒத்துழைக்கவில்லையே?

இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைத்துவிட்டு, கூலிக்குப் போனவர் வரவில்லை என்கிறோம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம், “உங்க பையன் படிக்கவே மாட்டேங்கிறான்” என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த முறை யார் வருவார்?

நான் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசினேன். குறை சொல்வதற்கு முன்பாக, நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்வேன். பூக்கூடை அம்மாவிடம் மகளின் சில்லறைக் கணக்கைச் சொன்னபோது நம்பாமல் பார்த்தார். ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை.

பிள்ளை வீட்டுக் கொடுமை எதையாவது சொன்னால்?

கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. பாலியல் வன்முறை என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012 போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாம் மனநல மருத்துவரும் இல்லை, போலீசும் இல்லை. நம்பி வாயைத் திறந்த பிள்ளையைச் சரியான கையில் சேர்ப்பது வரைதான் நம் வேலை, அதை முழுதாகச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் எப்படி மதிப்பிடுவது? மதிப்பெண் போட முடியுமா?

2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது பருவம் முழுக்க வகுப்பிலேயே பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். பருவ முடிவுத் தேர்வு மட்டும் பிள்ளையைச் சொல்லாது என்று ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். நடைமுறையில் அந்த நாற்பது, கடையில் வாங்கிய சார்ட்டுக்கும் அப்பா ஒட்டிக் கொடுத்த தெர்மாகோல் வீட்டுக்கும் போய்விட்டது. எல்லாருக்கும் முப்பத்தைந்துக்கு மேல். பகிர்ந்து சாப்பிட்டதற்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால், டீச்சர் பார்க்கும்போது மட்டும் பகிர்வார்கள். அதனால் அந்தப் பக்கத்துக்கு எண் வேண்டாம், குறிப்பு போதும் என்பது என் கட்சி.

எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, கூட்டம், பயிற்சி, தேர்தல் வேலை. ஆசிரியரே சோர்ந்துபோனால் என்ன செய்வது?

நான் இன்னும் வேலைக்கே போகவில்லை, பெரிதாகப் பேசக் கூடாது. எங்கள் வழிகாட்டி ஆசிரியை இருபது வருஷ சர்வீஸ். மதிய உணவை அவர் ஒருநாளும் நின்றுகொண்டு சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. போனை மேசை டிராயரில் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். “நான் பசியோட இருந்தா மூணாவது பீரியட்ல இருந்து எல்லாரும் கெட்ட பிள்ளைங்களாத் தெரிவாங்கம்மா” என்றார்.

எனக்கும் இதே ஒப்படைவு கொடுத்திருக்கிறார்கள். எப்படி எழுதுவது, அக்கா?

முதலில், இணையத்தில் இருப்பதை வெட்டி ஒட்டாதே. “ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர்” என்று எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் தொடங்கியிருந்தார்கள். விரிவுரையாளர் சிரித்தே விட்டார். நீ பார்த்த ஒரே ஒரு பிள்ளையை எழுது. அந்தப் பிள்ளையிடம் நீ எங்கே தவறினாய், அடுத்து என்ன செய்தாய் என்று எழுது. பியாஜே வருகிற இடத்தில் தானாக வருவார். பயிற்சிக்கு இன்னும் போகவில்லை என்றால் உன் தம்பியை எழுது, பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுது.

வேலை கிடைத்து முதல் நாள் பள்ளிக்குப் போனால் என்ன செய்வீர்கள்?

பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய்விடுவேன். பலகையில் நான்கு வரி எழுதிவிட்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து, அது தெரிகிறதா என்று பார்ப்பேன். சன்னல் வெளிச்சம் எந்த மூலையில் அடிக்கிறது, எந்தத் தூண் மறைக்கிறது, மழை வந்தால் எங்கே ஒழுகும், இதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அப்புறம் வருகைப் பதிவேட்டை வாங்கி, பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொள்வேன். மணி அடித்து எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பேன்.